கடைசி கிளிப்பை எங்கே மாட்டுவது? பேட்டரி இறங்கிய காரை ஜம்ப் ஸ்டார்ட் செய்யும் சரியான முறை

பொங்கலுக்கு ஊருக்குப் போன குடும்பம் ரயிலில் திரும்பி வந்திருக்கும். பத்துப் பதினைந்து நாளாக கார் பார்க்கிங்கில் அப்படியே நின்றிருக்கும். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் ஸ்கூல் பையோடு ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பினால் 'டக்... டக்... டக்...' என்ற சத்தம் மட்டும்தான். டேஷ்போர்டு விளக்குகள் மினுக்கிவிட்டு அணைந்துபோகும். லீவு முடியும் ஒவ்வொரு சீசனிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தவறாமல் நடக்கிற காட்சி இது.

உடனே நாலு பேர் கூடிவிடுவார்கள். பக்கத்து ஃபிளாட்காரர் தன் காரைக் கொண்டுவந்து எதிரே நிறுத்துவார். யாரோ ஒருவர் டிக்கியிலிருந்து ஜம்பர் கேபிளை எடுத்து வருவார். "சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அவ்வளவுதான் சார்" என்பார் இன்னொருவர்.

அவ்வளவுதானா என்றால், இல்லை. நான்கு கிளிப்களில் மூன்றை மட்டுமே அந்தக் கணக்குப்படி மாட்ட வேண்டும். நான்காவது கிளிப் பேட்டரிக்கே போகக் கூடாது. பெரும்பாலானோர் தவறுவது அந்த ஒரு கிளிப்பில்தான். அதில் தவறினால் கையும் கண்ணும் காயப்படும் அளவுக்கு விபரீதம் நடக்கலாம்.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

கார் பேட்டரி என்பது ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் அடங்கிய பெட்டி. பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டோன் பிளான்டே 1859-ல் கண்டுபிடித்த அடிப்படையில்தான் இன்றும் அது வேலை செய்கிறது. உள்ளே ஆறு செல்கள். ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று அதிகம். ஆறையும் கூட்டினால், முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட்.

12 வோல்ட் என்பது குறைந்த அழுத்தம்தான், கையால் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால், ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுழற்றும் அந்த ஓரிரு விநாடிகளில் சிறிய பெட்ரோல் காருக்கே நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாயும். டீசல் காருக்கு இன்னும் அதிகம். வீட்டில் ஃபிரிட்ஜ், ஹீட்டருக்கான பிளக் பாயின்ட்டே 16 ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பது புரியும். அதனால்தான் கிளிப்கள் ஒன்றோடொன்று உரசினால் வெல்டிங் கடைபோல் பொறி பறக்கிறது.

இன்னொரு விஷயம், கண்ணுக்குத் தெரியாதது. பேட்டரி சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் நீரில் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சமையல் காஸ் காற்றில் ஏறத்தாழ 2 முதல் 10 சதவிகிதம் கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். ஹைட்ரஜனோ 4 முதல் 75 சதவிகிதம் வரை எந்த அளவில் இருந்தாலும் பற்றிக்கொள்ளும். அதற்கு ஒரு சின்னப் பொறி போதும். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று எழுதியிருக்கும் பேட்டரிகளிலும் காஸ் வெளியேறச் சிறிய துவாரம் உண்டு. அது வெடித்தால் பிளாஸ்டிக் சில்லுகளோடு அமிலமும் முகத்தில் தெறிக்கும்.

கிளிப் மாட்டும்போது பொறி எப்போது வரும்? மின்சுற்று முழுமையாகும் அந்தக் கடைசி இணைப்பில்தான். ஆகவே, கடைசி இணைப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டால் பொறி வந்தாலும் அங்கே காஸ் இருக்காது. ஜம்ப் ஸ்டார்ட்டில் பாதுகாப்பு என்பதன் சாரம் இதுதான்.

முதலில், பிரச்னை பேட்டரியா?

சாவியைத் திருப்பியதும் 'டக் டக் டக்' என்று வேகமாகச் சத்தம் வந்தாலோ, இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, ஹெட்லைட் மங்கினாலோ பேட்டரி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கோளாறு எரிபொருளிலோ வேறெங்கோ இருக்கிறது. அதற்கு ஜம்ப் ஸ்டார்ட் உதவாது.

பானட்டைத் திறந்ததும் பேட்டரி முனைகளைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், அல்லது முனையில் மாட்டியிருக்கும் கிளாம்ப் கையால் அசைத்தாலே ஆடினால், சில சமயம் அதுவே முழுக் காரணமாக இருக்கும். அதைச் சுத்தம் செய்து இறுக்கினாலே வண்டி கிளம்பிவிடும்.

பேட்டரி உப்பியிருந்தால், விரிசல் விட்டிருந்தால், அமிலம் கசிந்திருந்தால், அழுகிய முட்டை வாடை வந்தால் கேபிளைத் தொடவே கூடாது. சில பேட்டரிகளின் தலையில் சின்ன வட்டக் கண் ஒன்று இருக்கும். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். நீர்மட்டம் குறைவு என்று அது காட்டினாலும் ஜம்ப் ஸ்டார்ட் வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடுவதே சரி.

இருட்டில் பேட்டரியைப் பார்க்க செல்போன் டார்ச் இருக்கிறது. தீக்குச்சி, லைட்டர், வாயில் சிகரெட் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

எந்த வண்டியிடம் உதவி கேட்கலாம்?

உதவிக்கு வரும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். சாதாரண கார்கள் எல்லாம் 12 வோல்ட்தான். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டவர்கள் செய்யும் பெரிய தவறு, வழியில் வந்த லாரியையோ பஸ்ஸையோ நிறுத்தி உதவி கேட்பது. உதவும் மனசு அந்த டிரைவருக்கு நிச்சயம் இருக்கும். ஆனால், கனரக வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுபவை. அதைக் காரில் கொடுத்தால் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் கருகிவிடும், பேட்டரியும் வெடிக்கலாம்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக உண்டு. அது இறங்கினால் அந்த வண்டிகளும் எழாது. ஆனால், அவற்றுக்கு உதவி வாங்கும் முறையும், அவற்றிலிருந்து பிறருக்கு உதவலாமா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். ஓனர்ஸ் மேனுவலைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் அழுத்த மின்சாரம் ஓடுபவை. அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் கார்களும் உண்டு. அவற்றில் பானட்டுக்குள்ளேயே ஜம்ப் ஸ்டார்ட்டுக்கென்று தனி முனைகள் கொடுத்திருப்பார்கள். அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கேபிளும் முக்கியம். சிக்னலில் விற்கும் மெல்லிய கேபிள், மேலே ரப்பர் தடிமனாகவும் உள்ளே கம்பி சொற்பமாகவும் இருக்கும். பாயும் மின்சாரத்தைத் தாங்காமல் அது சூடாகி உருகும். சிறிய பெட்ரோல் காருக்கே 16 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி இருப்பது நல்லது. டீசல் காருக்கு 25.

கை வைப்பதற்கு முன்

இரண்டு கார்களும் கேபிள் எட்டும் தூரத்தில், ஆனால் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். இரண்டிலும் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் 'பார்க்'கில். ஏ.சி., லைட், மியூசிக், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்து, இரண்டு வண்டிகளின் இன்ஜினையும் நிறுத்திவிட வேண்டும்.

மோதிரம், உலோக வளையல், வாட்ச் ஆகியவற்றைக் கழற்றிவிடுவது நல்லது. பாசிட்டிவ் முனைக்கும் வண்டியின் உலோகத்துக்கும் நடுவே அவை மாட்டினால், கண்மூடித் திறப்பதற்குள் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். கழுத்துச் சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும். துப்பட்டா, முந்தானை, தொங்கும் துண்டு எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்ற வேண்டாம். அணியாதவர்கள், பைக் ஓட்டும்போது போடும் கண்ணாடியையாவது மாட்டிக்கொள்ளலாம். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை நாலடி தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.

பார்க்கிங் பேஸ்மென்ட்டில் என்றால் இன்னொரு எச்சரிக்கை. காற்றோட்டம் இல்லாத இடத்தில் இன்ஜினை நிமிடக்கணக்கில் ஓடவிட்டால், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கும் வாசனை கிடையாது. ஷட்டர், கதவுகளைத் திறந்துவைக்க வேண்டும். மூடிய கராஜில் செய்யவே கூடாது.

மாட்டும் வரிசை

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை, படுத்த வண்டியின் பாசிட்டிவ் (+) முனையில்.

2. சிவப்பின் மறுமுனை, உதவி வண்டியின் பாசிட்டிவ் (+) முனையில்.

3. கறுப்பு கேபிளின் ஒரு முனை, உதவி வண்டியின் நெகட்டிவ் (-) முனையில்.

4. கறுப்பின் மறுமுனை, படுத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியில். ஒரு தடித்த போல்ட், இன்ஜினைத் தூக்குவதற்கான கொக்கி போன்றவை பொருத்தமானவை. சில கார்களில் இதற்கென்றே எர்த் முனை இருக்கும். பேட்டரியிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளி இருக்க வேண்டும். பெட்ரோல் குழாய், பெல்ட், ஃபேன் பக்கம் வேண்டாம்.

இந்த நாலாவது படியில் லேசான பொறி வந்தால் பயப்படத் தேவையில்லை. அது வரும் என்பதால்தான் பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுகிறோம். வண்டியின் உடம்பு முழுக்க நெகட்டிவோடு இணைந்திருப்பதால், இன்ஜின் உலோகத்தில் மாட்டினாலும் மின்சாரம் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

ஒவ்வொரு கிளிப்பையும் மாட்டும் முன் + குறியையும் - குறியையும் கண்ணால் பார்த்து, வாயால் ஒருமுறை சொல்லிவிட்டு மாட்டுவது நல்ல பழக்கம். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. முன்பு யாரோ மாற்றிய ஒயராகவும் இருக்கலாம். மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். ஆல்டர்னேட்டரும் ஈ.சி.யூ-வும் போனால் செலவு, பேட்டரி விலையைப்போலப் பல மடங்கு. அதுவும் உதவிக்கு வந்தவரின் வண்டிக்கும் சேர்த்து.

இப்போது உதவி வண்டியை ஸ்டார்ட் செய்து மூன்று நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும். பிறகு படுத்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் ஒரு நிமிடம் விட்டு மீண்டும் முயலலாம். மூன்று நான்கு தடவையிலும் எழாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிடிவாதம் பிடித்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சேர்ந்து போகும்.

கழற்றும் வரிசை

வண்டி கிளம்பியதும் வரும் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒரே இழுப்பாக இழுப்பவர்கள்தான் அதிகம். மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்ற வேண்டும். முதலில் இன்ஜின் உலோகத்தில் மாட்டிய கறுப்பு. அடுத்து உதவி வண்டியின் கறுப்பு. பிறகு உதவி வண்டியின் சிவப்பு. கடைசியாக, படுத்த வண்டியின் சிவப்பு. கழற்றும்போதும் முதல் கிளிப்பில்தான் பொறி வரும். சற்று நேரம் சார்ஜ் ஏறியிருப்பதால் பேட்டரியைச் சுற்றி காஸ் இருக்கும் நேரமும் அதுதான். கடைசி வரை கிளிப்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது.

இந்தப் பழக்கங்களை விட்டுவிடலாம்

கிளிப்களைத் தட்டிப் பொறி வருகிறதா என்று பார்ப்பது: பல வருட அனுபவமுள்ள டிரைவர்களும் செய்வதுண்டு. பேட்டரியின் பக்கத்தில் செய்யக் கூடாத முதல் காரியமே இதுதான்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பது: 'வண்டி நிற்காவிட்டால் டைனமோ நன்றாக இருக்கிறது' என்ற பழைய கணக்கு இது. இன்றைய கார்களில் அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி, கம்ப்யூட்டரையே கெடுத்துவிடக் கூடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாலே போதும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பெரும்பாலான கார்களுக்கு 13.5 முதல் 14.5 வோல்ட் காட்டும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது: ஆட்டோமேட்டிக் கார்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. மேனுவல் கியர் கார்களிலும் பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தால் பம்ப், கம்ப்யூட்டர் எதுவும் விழிக்காது. பேஸ்மென்ட் சரிவில் தள்ளுவது மிக ஆபத்து. இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகிவிடும்.

ஓடும் கார் இன்ஜினிலிருந்து பைக்குக்குக் கொடுப்பது: பைக் பேட்டரி மிகச் சிறியது. அதன் சார்ஜிங் அமைப்பும் அப்படியே. கிக்கர் இருந்தால் கிக்கர், இல்லாவிட்டால் மெக்கானிக்.

அமிலம் பட்டுவிட்டால்?

கண்ணில் பட்டால் ஒரு விநாடிகூடத் தாமதிக்கக் கூடாது. இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் தொடர்ந்து கழுவ வேண்டும். குடிக்கிற தண்ணீர் பாட்டிலாக இருந்தாலும் சரி. கண்ணைக் கசக்கக் கூடாது. சோடா உப்பு, பால், எண்ணெய் என்று எதையும் ஊற்றக் கூடாது. எரிச்சல் அடங்கினாலும் கண் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தேவையென்றால் 108. தோலில் பட்டால், அமிலம் பட்ட துணியைக் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். ஆகவே, பானட்டைத் திறக்கும்போதே ஒரு வாளித் தண்ணீரையோ இரண்டு பாட்டில் தண்ணீரையோ பக்கத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கிளம்பிவிட்டது. அப்புறம்?

ஜம்ப் ஸ்டார்ட் வைத்தியம் அல்ல, முதலுதவி மட்டுமே. கிளம்பிய வண்டியை உடனே அணைக்காமல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். அப்போதும் பேட்டரி முழுதாக நிரம்பாது. சுத்தமாக இறங்கிய பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டரின் வேலையும் அல்ல. பேட்டரிக் கடையில் சார்ஜரில் போட்டு, லோடு டெஸ்ட் செய்து பார்த்துவிட வேண்டும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் இருந்தால் நலம். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் காலி.

ஏன் இறங்கியது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். பூட்டி நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் ஆகியவை துளித்துளியாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். சிறிய காரின் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இரண்டு வாரத்தில் பாதி காலி. டேஷ்கேம் ஒன்று சேர்ந்துகொண்டால் இன்னும் சீக்கிரம். ஊருக்குப் போகும் முன் வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை யாராவது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டுப் போகலாம். வெறுமனே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பதால் பயனில்லை. செல்ஃப் அடிக்கச் செலவான சார்ஜ்கூட அதில் முழுதாகத் திரும்புமா என்பது சந்தேகம்தான்.

நம் ஊர் வெயிலும் பேட்டரிக்கு எதிரி. சூட்டில் உள்ளே நீர் வற்றும், தகடுகள் சீக்கிரம் அரிக்கும். மூன்று வருடம் தாண்டிய பேட்டரியை ஒவ்வொரு சர்வீஸிலும் டெஸ்ட் செய்யச் சொல்ல வேண்டும். பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. அதில் இருக்கும் ஈயம் நஞ்சு. புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கேபிள் இல்லை, வரிசையில் சந்தேகம், ராத்திரி நேரம், ஆளில்லாத சாலை என்றால் துணிச்சல் காட்ட வேண்டாம். கார் இன்ஷூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பார்த்து, அந்த நம்பரை செல்போனில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு அழைக்கலாம்.

கேபிள் வைத்திருப்பவர்கள் இன்று ஒரு வேலை செய்யலாம். பகல் வெளிச்சத்தில் சொந்தக் காரின் பானட்டைத் திறந்து, + எது, - எது, நாலாவது கிளிப்பை மாட்ட ஏற்ற இடம் எது என்று பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் அதை அனுப்பிவிட்டால், அவசரத்தில் யாரும் தடுமாற வேண்டியிருக்காது.